கயிற்றில் ஏறிய சேறு

குண்டக்காவைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் அணைக்கு வரும் வெளியாட்கள் முதலில் என் அண்ணியைத் தாண்டிப் போய்விடுவார்கள். பேரைக் கேட்டதும் மனதில் ஓர் உருவத்தை வைத்துக்கொண்டு வருவார்கள். எதிரில் நிற்பதோ ஊதினால் பறந்துவிடும் போல ஒரு பெண்மணி. யாராவது கையைக் காட்டிச் சொன்ன பிறகு திரும்பி வந்து அசடு வழிவார்கள். பேர் உடம்பால் வந்ததல்ல, கையில் பிடிக்கும் ஈயக்குண்டால் வந்தது. கயிற்றில் கட்டிய குண்டைத் தண்ணீருக்குள் இறக்கி, நீர்த்தேக்கத்தின் அடியில் எவ்வளவு சேறு சேர்ந்திருக்கிறது என்று அளப்பதுதான் இருபத்தேழு வருஷமாக அண்ணியின் வேலை. அவரை ஏற்றிக்கொண்டு போகும் படகுக்காரன் நான். வீட்டில் அவருக்குக் கொழுந்தன்.

ஒன்றை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். இதில் நடந்த தப்புக்கு ஆரம்பம் நான்தான். அதை அண்ணி இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

அணையைப் பார்க்க வருகிறவர்கள் தண்ணீரைப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். அண்ணிக்குத் தண்ணீர் ஒரு தொந்தரவு. தனக்கும் சேற்றுக்கும் நடுவில் நிற்கிற ஒன்று, அவ்வளவுதான். ஆறு ஓடி வரும்போது மண்ணையும் சேர்த்து வாரிக்கொண்டு வருகிறது. தேக்கத்துக்குள் நுழைந்து வேகம் குறைந்ததும் மணல் முதலில் இறங்கிவிடும், அதற்குப் பொறுமை கிடையாது. மாவு போன்ற களிமண் மட்டும் கடைசி வரைக்கும் மிதந்து வந்து, அணைச்சுவரின் காலடியில் மெதுவாக உட்காரும். உட்கார்ந்த அன்றே அது மண் ஆகிவிடுவதில்லை. பாதிக்கு மேல் தண்ணீர்தான் இருக்கும். மேலே அடுத்த வருஷச் சேறு வந்து அழுத்த அழுத்த, உள்ளே இருக்கும் தண்ணீர் கசிந்து வெளியேறி, சேறு தாழ்ந்து இறுகும். அதற்கு மாசக்கணக்கில்லை, வருஷக்கணக்கு. அண்ணி இதைச் சொல்லும்போது பக்கத்து வீட்டுக்காரரின் குணத்தைச் சொல்வது மாதிரி சொல்வார்.

அளக்கும் முறை எளிமையானது. நீளமான கயிறு, அதன் நுனியில் ஐந்து கிலோ ஈயக்குண்டு. குண்டிலிருந்து மீட்டருக்கு ஒரு வெள்ளைத் துணி, ஐந்து மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணி கயிற்றில் தைக்கப்பட்டிருக்கும். தைத்தது என் அண்ணன். குடியிருப்பின் முன்வரிசையில் தையல் கடை வைத்திருக்கிறார். சட்டைக் காலர் கோணினாலும் கோணுமே தவிர, கயிற்றில் துணி ஒரு நூல்கூட நகராது. முந்தின நாள் சாயங்காலமே கயிற்றை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட வேண்டும். காய்ந்த கயிறு தண்ணீருக்குள் போனதும் நீளம் மாறும். அப்படி அளந்தால் அண்ணி அந்தப் பக்கத்தையே கிழித்துப் போட்டுவிடுவார். அளந்து முடிந்ததும் கயிற்றைக் கழுவிக் காயவைப்பது என் வேலை. சேற்று நாற்றம் கையில் மூன்று நாளைக்கு நிற்கும், நானும் மூன்று நாளைக்குப் புலம்புவேன்.

இவ்வளவும் போதாதென்று வீட்டிலும் சேறு. சமையலறை ஜன்னல் விளிம்பில் பதினாலு கண்ணாடி பாட்டில்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வருஷமும் வெள்ளம் வந்த பிறகு ஒரு பாட்டில் கலங்கல் தண்ணீரை மொண்டு வந்து வைத்து, சேறு எதுவரை படிந்திருக்கிறது என்று காகிதம் ஒட்டி அண்ணி குறிப்பார். முதல் நாள் சேறு பாதி பாட்டிலுக்கு இருக்கும். ஒரு மாசத்தில் அதில் பாதியாகும். ஒரு வருஷத்தில் இன்னும் இரண்டு விரல் இறங்கும். அதற்குப் பிறகு நகர மனமே இருக்காது. அந்த வரிசையில் ஒரு பாட்டில் மட்டும் தனி. ஒரு வெயில்காலத்தில் அண்ணன் மூடியைத் திறந்து வைத்துவிட்டு மறந்துபோனார். தண்ணீர் முழுக்க வற்றி, சேறு வெடித்து, ஓடு மாதிரி ஆகிவிட்டது. அண்ணி மறுபடி தண்ணீர் ஊற்றி ஆறு வருஷமாகிறது. அது இன்னும் கல்லாகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

"சமையலறையில உப்பு வைக்க இடமில்ல, சேத்துக்கு மட்டும் பதினாலு பாட்டில்" என்று அண்ணன் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார்.

"உப்புக்கு ஒரு டப்பா போதும். சேத்துக்கு வருஷத்துக்கு ஒண்ணு வேணும்" என்பார் அண்ணி. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வேலையில் போன வருஷம் ஒரு புதுப் பொறியாளர் வந்தார். சின்ன வயசு, சுத்தமான சட்டை, எதையும் எழுதிப் பார்த்துத்தான் பேசுவார். கெட்ட மனுஷன் இல்லை, அதை இப்போதே சொல்லிவிட வேண்டும். வந்த மூன்றாம் மாசம் அவர் அடிமதகைப் பற்றி ஒரு கூட்டம் போட்டார்.

அடிமதகு என்பது அணைச்சுவரின் ஆகக் கீழே இருக்கும் கதவு. அதைத் திறந்தால் அடிச் சேறு தண்ணீரோடு வெளியே போகும். தேக்கம் முழுவதையும் அது சுத்தம் செய்யாது. மதகுக்கு முன்னால் புனல் மாதிரி ஒரு குழியைத் தோண்டிக்கொள்ளும், அவ்வளவே. ஆனால் அந்தக் குழி இருக்கும் வரை சுவரின் காலடியில் சேறு ஏறாது. நாலு வருஷத்துக்கு ஒருமுறை திறப்பது எங்கள் வழக்கமாக இருந்தது. இப்போது பதின்மூன்று வருஷமாகத் திறக்கவில்லை. பொறியாளர் அதை நிரந்தரமாக அடைத்துவிடலாம் என்றார். மதகுக்குப் பின்னால் இருக்கும் சுரங்க வழியில் கான்கிரீட் ஊற்றி மூடிவிட அடுத்த மாசத்துக்கு ஆள் ஏற்பாடு செய்திருந்தார்.

காரணத்தைச் சுவரில் படமாகவே போட்டுக் காட்டினார். மதகுக்கு முன்னால் சேற்றின் உயரம், வருஷா வருஷம். கோடு மெல்ல ஏறிக்கொண்டே வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே வருஷத்தில் ஒரு மீட்டருக்கு மேல் தடாலென்று இறங்கியது. பிறகு மறுபடி மெல்ல ஏறியது.

"இந்த எடத்துல சேறு நல்லா இறுகி உக்காந்துடுச்சு" என்றார் பொறியாளர். "நம்ம பதிவேட்டுலயே அந்த வருஷம் 'படிவு இறுகியுள்ளது'ன்னு எழுதியிருக்கு. அதப் பார்த்துத்தான் அப்ப இருந்தவங்களும் மதகத் திறக்காம விட்டிருக்காங்க. இப்பத் திறந்தா கட்டி கட்டியா பேந்து வந்து கதவுல மாட்டிக்கும். கதவு மூட முடியாமப் போச்சுன்னா கீழ இருக்கிற ஊருக்கு இந்த வெயில்காலத்துக்குக் குடிக்கத் தண்ணி கிடையாது. முன்னாடி இருக்கிற அவசரக் கதவு துருப்பிடிச்சு நகர மாட்டேங்குது. அந்த ஆபத்து நமக்கு வேணாம்."

நியாயமாகத்தான் இருந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் கதவோரம் நின்று ஆட்டி வைத்தேன். அண்ணி மட்டும் ஆட்டவில்லை. பதிவேட்டில் அந்த இரண்டு வார்த்தையை எழுதியது அவர் கைதான். படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அவர் முகம் வெளுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றிய கையோடு சமையலறைக்குப் போய் பாட்டில்கள் முன்னால் நின்றார். அண்ணன் தட்டு வைத்தார், அண்ணி உட்காரவில்லை. நான் மட்டும் உட்கார்ந்துவிட்டேன், பசி யாருக்காகவும் நிற்காது.

"சேறு அப்படி இறங்காது" என்றார் அண்ணி, எங்களைப் பார்க்காமலே. "இந்தப் பாட்டில் எல்லாத்தையும் பாருங்க. முதல்ல வேகமா, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா. பழைய சேறு ஒரே வருஷத்துல ஒரு மீட்டர் எப்படி இறங்கும்? அது சேறு செஞ்ச வேலை இல்ல. நாம செஞ்ச வேலை."

"நீ எழுதும்போதே தெரியலையா?" என்றார் அண்ணன்.

"அந்த ஒரு வருஷக் கணக்க மட்டும் பார்த்தேங்க. இறங்கியிருக்கு, அப்ப இறுகியிருக்கும்னு எழுதிட்டேன். முன்னாடி வருஷம், பின்னாடி வருஷம் எல்லாத்தையும் சேர்த்து இன்னைக்குத்தான் பார்க்கிறேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி நம்ம படகுல என்ன மாறுச்சு?"

என்ன மாறியது என்று எனக்கா தெரியாது?

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, அண்ணி கயிற்றை முழுக்க மேலே இழுக்கும் முன்பே எனக்கு டீ ஞாபகம் வந்துவிட்டது. படகைப் பின்னால் எடுத்தேன். மோட்டார் விசிறி கயிற்றைக் கவ்வி ஒரே வெட்டாக வெட்டியது. அணை கட்டிய நாளிலிருந்து இருந்த பழைய குண்டு அடியில் போய்விட்டது. அண்ணி அலுவலகத்தில் 'கயிறு அறுந்தது' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். யார் அறுத்தார்கள் என்று எழுதவில்லை. பண்டகசாலையிலிருந்து புதுக்குண்டு வந்தது. பழையது அகலமாக, தட்டையாக, அடிப்பக்கம் சாப்பாட்டுத் தட்டு போல இருக்கும். புதியது பம்பரம் போலக் கூர்மையாக இருந்தது. ஏன் இப்படி என்று கேட்டதற்குப் பண்டகசாலைக்காரர், "அஞ்சு கிலோ கேட்டீங்க, அஞ்சு கிலோ வந்திருக்கு. அப்புறம் என்ன?" என்றார். தராசில் வைத்துப் பார்த்தோம். முள் சரியாக நின்றது. அண்ணி 'எடை சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேராக இறங்குகிறது என்று அந்தக் குண்டைப் பாராட்டவும் செய்தார்.

இதையெல்லாம் அண்ணிக்கு நான் நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை. "குண்டு" என்று நான் சொன்னதுமே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"எடையப் பார்த்தோம். உருவத்தப் பார்க்கலையே" என்றார். "தட்டக் குண்டு இளஞ்சேத்து மேல உக்காரும். கூர்க் குண்டு அதக் குத்திக்கிட்டு உள்ள போயிடும், கெட்டிச் சேத்துலதான் நிக்கும். இத்தன வருஷமா நான் சேத்துக்கு மேல அளக்கல, சேத்துக்குள்ள அளந்திருக்கேன்."

அப்போதுதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அதான் கயிறு அப்படி நாறிக்கிட்டு வந்துச்சா?" என்றேன்.

"எப்படி?"

"பழைய குண்டுக்குக் குண்டோட அடி மட்டும்தான் சேறா வரும். இப்பல்லாம் குண்டுக்கு மேல கயிறும் சேத்துல முக்கின மாதிரி வருது. முதல் வெள்ளைத் துணி வெள்ளையா மேல வந்து நான் பார்த்து ஒன்பது வருஷம் ஆகுது. கழுவிக் கழுவி என் கையே தேஞ்சு போச்சு."

அண்ணி எழுந்து நின்றுவிட்டார். "ஒன்பது வருஷமா இத ஏன்டா சொல்லல?"

"சொன்னேனே அண்ணி! கயிறு கழுவ சோப்பு வேணும்னு ஒன்பது வருஷமா எழுதிக் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்? நீங்களும் கையெழுத்துப் போட்டு வாங்கிக் குடுத்துக்கிட்டுத்தான இருக்கீங்க?"

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணிக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு அவரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு உயிர் வந்தது. அண்ணி சிரித்தால் வழி கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

வழி இதுதான். கூர்க்குண்டு போகிற ஆழத்துக்கும் தட்டைக்குண்டு நிற்கிற ஆழத்துக்கும் இருக்கும் வித்தியாசம் இளஞ்சேற்றின் கனம். இரண்டையும் ஒரே இடத்தில் இறக்கினால் மதகு வாயில் இருப்பது கல்லா, கூழா என்று தெரிந்துவிடும். தப்பாக வந்த குண்டே இப்போது சாட்சி. ஆனால் பழைய குண்டு தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது, அதன் அளவு எந்தத் தாளிலும் இல்லை.

அண்ணி பரணிலிருந்து பழைய அளவுப் புத்தகங்களை இறக்கினார். பதினொன்றாவது புத்தகத்தின் பின்னட்டையில், என்றோ ஈரக் குண்டை அவசரத்துக்கு அதன் மேல் வைத்த வட்டக் கறை இருந்தது. சேறு காய்ந்து, ஓரம் அப்படியே அச்சாக நின்றிருந்தது. அண்ணன் தையல் நாடாவை எடுத்து வட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு.

"மனுஷனுக்கு எடுத்தா ரெண்டு பக்கமும் சமமா வர்றதே இல்ல" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டார்.

மறுநாள் பட்டறையில் கடைசல்காரர் அந்த வட்டத்துக்கு ஈயம் காய்ச்சி ஊற்றித் தட்டைக்குண்டு செய்து கொடுத்தார். அண்ணி தராசிலும் வைத்தார், அட்டையிலிருந்த கறையின் மேலும் வைத்தார். இந்த முறை எடை, உருவம் இரண்டும் சரி. அண்ணன் இரண்டாவது கயிற்றுக்குத் துணி தைத்தார். சாயங்காலம் இரண்டு கயிறும் ஒரே வாளியில் ஊறின.

அதற்கு முன்னால், அன்று பகலிலேயே அண்ணி பொறியாளர் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஒரு தாளை மேஜை மேல் வைத்தார். 'ஒன்பது ஆண்டு அளவுகளும் தவறு. குண்டின் உருவம் மாறியதை நான் கவனிக்கவில்லை. படிவு இறுகியுள்ளது என்ற குறிப்பும் தவறு' என்று தன் கையாலேயே எழுதியிருந்தார்.

பொறியாளர் இரண்டு முறை படித்தார். "மேடம், இது உங்க பணிப்பதிவேட்டுக்குப் போகும். மேலிடத்துல விளக்கம் கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். தப்பா எழுதினதும் நான்தான், திருத்தி எழுதறதும் நான்தான். என் கை எழுதின ஒரு வார்த்தையால ஒரு மதகு ஒன்பது வருஷமா மூடிக் கிடக்குது. அதுக்குக் கான்கிரீட்டும் ஊத்திட்டீங்கன்னா இருபது வருஷத்துல சேறு குடிதண்ணிக் குழாய் வாய்க்கே வந்துடும். அப்ப யார்கிட்ட விளக்கம் கேப்பீங்க?"

"கயிற்ற அறுத்தது நான்தான் சார்" என்று நான் குறுக்கே விழுந்தேன். அண்ணி என்னை முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன். அந்தத் தாளில் என் பேர் இல்லை. பிறகும் வரவில்லை.

பொறியாளர் யோசித்தார். "நாளைக்கு நானும் படகுல வரேன்" என்றார்.

மறுநாள் காலை காற்றில்லை, படகு ஆடவில்லை. மதகுக்கு நேரே போய் நிறுத்தி, முன்னும் பின்னும் நங்கூரம் போட்டேன். பின்னால் எடுக்கிற எண்ணமே வராமலிருக்க மோட்டாரை அணைத்துவிட்டேன். அண்ணி தட்டைக்குண்டை முதலில் இறக்கினார். கயிறு அவர் விரல்களுக்கு நடுவில் நழுவிக்கொண்டே போய், தொய்ந்தது. இருபத்தெட்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர். பொறியாளர் எழுதிக்கொண்டார். அதே இடத்தில் கூர்க்குண்டு. இருபத்தெட்டு மீட்டரைத் தாண்டியது, இன்னும் நழுவியது. இருபத்தொன்பது மீட்டர் அறுபது. அண்ணி குண்டுகளை மாற்றி மாற்றி ஐந்து இடத்தில் இறக்கினார். எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வித்தியாசம்.

இரண்டு கயிறுகளையும் இழுத்துப் படகின் விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். தட்டைக்குண்டின் கயிறு சுத்தமாக இருந்தது. கூர்க்குண்டின் கயிற்றில் முதல் வெள்ளைத் துணியைத் தாண்டிச் சேறு ஏறியிருந்தது. பொறியாளர் அதைத் தன் விரலால் வழித்துப் பார்த்தார். சுத்தமான சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு அவரைப் பிடித்தது.

"இது ஒன்றரை மீட்டர்தான். அதுக்குக் கீழ கெட்டியா இருக்கே?" என்றார்.

"இருக்கு சார். பழைய சேறு, இறுகித்தான் இருக்கும். ஆனா காஞ்சது கிடையாது. இந்த அணை கட்டினதுலேருந்து மதகுக்கு முன்னாடி ஒரு நாள்கூடத் தண்ணி வத்துனதில்ல. தண்ணிக்குள்ளயே இறுகின சேறு வேற, வெயில்ல காஞ்ச சேறு வேற. வேணும்னா எங்க வீட்டு ஜன்னலுக்கு வாங்க, ரெண்டையும் காட்டறேன். மதகு வாயில மேல்பாதிய இந்த இளஞ்சேறுதான் மூடியிருக்கு. அது வழி விட்டா மிச்சத்தத் தண்ணியே அரிச்சுக்கும்."

பொறியாளர் உண்மையிலேயே வந்தார். எங்கள் சமையலறையில் நின்று, காய்ந்த பாட்டிலில் ஒரு குச்சியை விட்டுக் குத்திப் பார்த்தார், இறங்கவில்லை. பதினோரு வருஷமாகத் தண்ணீரோடு நிற்கும் பாட்டிலில் விட்டார். முதலில் சுலபமாகவும் பிறகு தயங்கித் தயங்கியும் அடி வரைக்கும் போனது. அண்ணனுக்கோ ஒரு பெரிய அதிகாரி தன் வீட்டில் உப்பு வைக்க இடமில்லாததைப் பார்த்துவிட்டாரே என்று கவலை.

"திறக்கலாம்னு எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா மேடம்?" என்று கேட்டார் பொறியாளர்.

"பேனா குடுங்க" என்றார் அண்ணி.

பொறியாளரும் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

நாலு நாள் கழித்துக் காலை பத்து மணிக்குத் திறப்பு. கீழே ஆற்றோரத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுச் சங்கு ஊதினார்கள். மதகுக்காரர் கதவை ஒரு சாண் உயர்த்தினார். இரும்பு முனகியது. நாங்கள் எல்லாரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழே சுரங்க வழி வெளியே திறக்கும் இடத்தைப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை.

இரண்டு நிமிஷம் ஆனது. நாலு நிமிஷம் ஆனது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பொறியாளர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திறந்தும் வராவிட்டால் அண்ணி சொன்னது பொய், கட்டி பெயர்ந்து வந்து கதவில் மாட்டினால் ஊருக்குத் தண்ணீர் இல்லை. இரண்டுக்கும் கீழே அண்ணியின் கையெழுத்து இருக்கிறது. அந்த டீயை அன்றைக்குக் குடிக்காமலே இருந்திருக்கலாம் என்று ஆயிரம் தடவை நினைத்தேன்.

"கதவ இறக்கிடட்டுமா சார்?" என்று மதகுக்காரர் மேலிருந்து கேட்டார்.

"இறக்காதீங்க" என்றார் அண்ணி. "இன்னும் ஒரு சாண் ஏத்துங்க."

"இன்னும் ஏத்தி மாட்டிக்கிச்சுன்னா மூடறது கஷ்டம்மா."

"ஒரு சாண் சந்துல அது எப்படிங்க வரும்? இருபத்தெட்டு மீட்டர் தண்ணி பின்னாடி நின்னு தள்ளுது. போக வழிதான் பத்தல. ஏத்துங்க."

மதகுக்காரர் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவங்க சொல்றபடி செய்ங்க" என்றார்.

கதவு இன்னொரு சாண் ஏறியது. உள்ளே எங்கோ ஏப்பம் விட்டது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பற்பசை பிதுங்குவது போல, கன்னங்கரேலென்று, சோம்பேறித்தனமாகச் சேறு வெளியே வந்தது. ஒரு முழம் வந்தது, ஒரு ஆள் நீளம் வந்தது, பிறகு அதைப் பிய்த்துக்கொண்டு தண்ணீர் பீறிட்டது. சுவர் அதிர்ந்தது. பதின்மூன்று வருஷத்து நாற்றம் மேலே ஏறி வந்ததில் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அண்ணி ஓடவில்லை. மல்லிகைத் தோட்டத்தில் நிற்பது போல மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு நின்றார். எனக்கு அந்த நேரத்தில் என் அண்ணியை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது.

மூன்று மணி நேரம் ஓடியது. கறுப்பு பழுப்பானது, பழுப்பு செம்மண் நிறமானது. இனி மூட வேண்டும், உண்மையான பரீட்சை அதுதான். கதவு இறங்கி வந்து, கடைசி ஒரு விரல் இடைவெளியில் நின்றுவிட்டது. மதகுக்காரர் அதட்டவில்லை, அவசரப்படவில்லை. ஒரு சாண் ஏற்றி, தண்ணீரை ஒரு நிமிஷம் பாயவிட்டு, மறுபடி இறக்கினார். கதவு உட்கார்ந்தது. தண்ணீர் நின்றது. "மூடியாச்சு!" என்று அவர் கத்திய சத்தம் அணை முழுக்கக் கேட்டிருக்கும். பொறியாளர் அண்ணியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கான்கிரீட் ஆட்களுக்கு அன்று மத்தியானமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரத்தான் செய்தது. அண்ணி இரண்டு பக்கத்தில் பதில் எழுதினார். ஒரு வருஷத்துக்குப் பதவி உயர்வு இல்லை என்று மறுகடிதம் வந்தது. அதையும் அதே கோப்பில் வைத்துவிட்டு, ஒன்பது வருஷப் பதிவேட்டையும் எடுத்து, ஒவ்வொரு தவறான எண்ணின் மேலும் ஒரே ஒரு கோடு போட்டு, அடியில் இருப்பது தெரியும்படியே விட்டு, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். இப்போது எங்கள் அணையில் எங்கே அளந்தாலும் இரண்டு குண்டும் இறங்க வேண்டும். பதிவேட்டில் இரண்டு எண் எழுத வேண்டும். பண்டகசாலைக்காரர் இப்போதெல்லாம் எதைக் கொடுத்தாலும், "உருவம் சரியா இருக்கா அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார்.

மதகு மூடிய மறுநாள் காலை நாங்கள் இருவர் மட்டும் படகில் போனோம். அதே இடம், இரண்டு நங்கூரம், அணைத்த மோட்டார். அண்ணி தட்டைக்குண்டை இறக்கினார். முப்பத்தொன்று மீட்டர். பிறகு கூர்க்குண்டை இறக்கினார். அதுவும் முப்பத்தொன்று மீட்டர். அடியில் போய் மோதியபோது கயிற்றில் டொக்கென்று ஓர் அதிர்வு வந்தது. அண்ணி சட்டென்று என் கையைப் பிடித்துக் கயிற்றில் வைத்து, மறுபடி ஒருமுறை தூக்கிப் போட்டுக் காட்டினார். மதகு வாயின் கான்கிரீட் தரை அது. இருபத்தேழு வருஷத்தில் அந்த அதிர்வு என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

கூர்க்குண்டின் கயிற்றை மெதுவாக மேலே இழுத்தார். கடைசி சிவப்புத் துணி வந்தது, வெள்ளைத் துணிகள் வந்தன. கடைசியாகக் குண்டுக்கு மேலே இருக்கிற அந்த முதல் துணி தண்ணீருக்கு வெளியே வந்தது. அண்ணன் தைத்த அன்று எப்படி இருந்ததோ, அப்படி வெள்ளையாக இருந்தது.

அண்ணி அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கயிற்றைச் சுருட்டி என் மடியில் போட்டார்.

"இந்தா தம்பி" என்றார். "இன்னைக்கு சோப்பு மிச்சம்."